பைபிளுக்குள்ள வச்ச சீட்டு

சார், ஒரு விடுகதை போடட்டுமா? வாயைத் தொறந்தா வெளிச்சம், வயித்துக்குள்ள கறுப்பு. ஒண்ணு குடுத்தா ஒம்போதா திருப்பித் தரும், குடுத்ததையும் அப்படியே தந்துடும். அது என்னா? அவசரம் இல்ல, யோசிச்சு சொல்லுங்க. பஸ்ஸு இன்னும் முட்லூரே தாண்டல.

பேங்க்கா? நல்லா சொன்னீங்க போங்க. எந்த பேங்க்குல சார் ஒம்போதா தர்றான், அட்ரஸ் குடுங்க, நாளைக்கே போறேன். ம்ஹூம், டி.வி.யும் இல்ல. ஜெராக்ஸ் மெஷினு சார். என் பொண்ணு சொந்தமா போட்ட விடுகதை. அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, ஜன்னலோரம், ரெட்டை சடை. பக்கத்துல என் வீட்டம்மா ஜெயராணி. பொண்ணு பேரு பிரிசில்லா. பத்து வயசு முடிஞ்சுது, ஆறாவது போவுது. கீழ இருக்கற நீலப் பொட்டி எங்களுதுதான். காலு இடிக்குதுன்னா சொல்லுங்க, நகத்திடறேன்.

கடலூருக்குத்தான். தேவனாம்பட்டினத்துல எங்க அக்கா இருக்காங்க, ஞானம்மான்னு. ஒரு ஸ்கூல்ல டீச்சர். சுனாமியில வீட்டுக்குள்ள தண்ணி பூந்து ரெண்டு வருஷம் ஷெட்டுல கெடந்தாங்க, இப்ப கட்டிக் குடுத்த வீட்டுல இருக்காங்க. பொண்ணை அவுங்ககிட்ட விட்டுட்டு வரப் போறோம். லீவுக்கு இல்ல சார். லீவுதான் முடிஞ்சிடுச்சே, வெள்ளிக்கெழம ஸ்கூல் தொறக்குது. படிக்கறதுக்குத்தான். இனிமே அங்கதான்.

ஏன்னா, வெலவாசி சார். வேற என்னா சொல்றது.

நமக்கு சிதம்பரத்துல ஜெராக்ஸ் கடை. அண்ணாமலை நகர் போற வழியில. ஜெயராணி ஜெராக்ஸ்னு போர்டு இருந்துச்சு, தானே புயல்ல பறந்து போயிடுச்சு. எங்க போய் விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பேரு மட்டும் நெலைச்சிடுச்சு, பசங்க இன்னும் ஜெயராணின்னுதான் சொல்றான். வீட்டு முன்ரூம்புதான் கடை. ரெண்டாயிரத்து அஞ்சுல லோன் போட்டு மெஷின் வாங்கனேன். அப்ப காப்பி ஒரு ரூபா. பேப்பர் கட்டு நூத்துச் சொச்சம். இப்ப பேப்பர் எங்கயோ போயிடுச்சு, காப்பி என்னா ரேட்டு தெரியுமா? முக்கா ரூபா. லாட்ஜுல தங்கிப் படிக்கற காலேஜ் பசங்க வந்து நிப்பான். அண்ணா, அந்தக் கடையில அம்பது பைசாண்ணா. நானும் கொறைப்பேன். என்னா பண்றது? இப்ப அதுவும் இல்ல, ஒருத்தன் நோட்ஸை செல்லுல போட்டோ புடிச்சிக்கறான், நாலு பேரு அதைப் பாத்தே படிக்கறான். அப்படியும் பாஸ் பண்ணிடறானுங்க, அதான் ஆச்சரியம்.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்ல சார். அதைத் தின்னுதானே வளந்தேன். நான் வந்தப்ப டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் ஒருத்தர் என்னை மொறைச்சிக்கிட்டே போவாரு. இப்ப நான் செல்போனை மொறைக்கறேன். அவ்ளோதான்.

கரண்ட்டு? அதைச் சொல்லலன்னா தூக்கம் வராதே. நாலு மணி நேரம்தான்னு ஆரம்பிச்சான், எட்டுல வந்து நிக்குது. கரண்ட் இருந்தா ஆளு இல்ல, ஆளு வந்தா கரண்ட் இல்ல. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஃப்ரீ மிக்ஸி, கிரைண்டர். கரண்ட்டே இல்லாம மிக்ஸிய வச்சிக்கிட்டு அதுக்கு மாலையா போடறது? ... இல்ல சார், நான் எந்தக் கட்சியும் இல்ல. குடுத்ததை வாங்கி வச்சிருக்கேன், பொய் சொல்லுவானேன். நான் ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டேன். டீசல் ஊத்தி ஜெராக்ஸ் போட்டா முக்கா ரூபா காப்பிக்கு அடக்கமே ஒண்ணேகால் ஆவுது. போன வாரம் பெட்ரோல் ஏழு ரூபா ஏத்தனான் பாருங்க, ஒரே ராத்திரியில. பால் ஏறிச்சு. இந்த பஸ்ஸே பாருங்க, போன வருஷம் என்னா டிக்கெட்டு, இன்னைக்கு என்னா டிக்கெட்டு.

நீங்க கவர்மென்ட் வேலையா? கலெக்டர் ஆபீஸா! அப்ப ஒங்களுக்கு வெலவாசி ஏறுனா கூடவே பஞ்சப்படியும் ஏறும். எங்களுக்கு வெலவாசி மட்டும்தான். தப்பா நெனைக்காதீங்க, சிரிக்கத்தான் சொன்னேன்.

ஸ்கூல் பீஸ்தான் சார் ஆளை அடிச்சிடுச்சு. பொண்ணும் பையனும் ஒரே இங்கிலீஷ் ஸ்கூல். சின்னவன் சார்லஸ், எட்டு வயசு. கவர்மென்ட் பீஸ் கமிட்டி ஒரு ரேட்டு போட்டிருக்கான், ஸ்கூல்ல ஒரு ரேட்டு கேக்கறான். கேட்டா, ஸ்மார்ட் கிளாஸ் வந்திருக்குதாம், செவுத்துல படம் ஓடுமாம். கரண்ட் இல்லாத ஊர்ல செவுத்துல என்னா படம் ஓடும்? ரெண்டு பேருக்கும் கட்ட முடியாதுன்னு ஆயிடுச்சு. அக்கா போன் பண்ணிச்சு. ஒண்ணை இங்க அனுப்புடா, எங்க ஸ்கூல்ல பீஸு இல்ல, நான் பாத்துக்கறேன்னிச்சு. அதான்.

அய்யோ, வேணாம் சார். பேனாவ உள்ள வைங்க. ஸ்காலர்ஷிப்பா? எங்கள மாதிரி கிறிஸ்டியனுக்கு இருக்குதுங்களா? தெரியாது சார், யாரும் சொல்லல. ஃபாரத்தை ஆயிரம் காப்பி போட்டுக் குடுத்திருப்பேன், என்னான்னு படிச்சுப் பாத்ததில்ல... இல்ல, நம்பர் வேணாம். ஒங்களுக்கு நல்ல மனசு, அதுக்காகத்தான் வேணாங்கறேன். எனக்கு அவ்ளோ தூரம் ஒதவி பண்ணாதீங்க.

பீஸு பிரச்சனை இல்ல சார் இப்ப.

இருங்க, மெதுவா பேசறேன். ஜெயராணிக்குக் காது பாம்பு காது.

எந்தப் புள்ளைய அனுப்பறதுன்னு எங்களுக்குள்ள ஒரு வாரம் சண்டை. ஜெயராணி, பையனை அனுப்பணும்னா. அக்கா கண்டிப்பு, அவன் அடங்குவான், பொண்ணு நல்லாப் படிக்குது, அதைக் கலைக்காதீங்கன்னா. அவ சொன்னது சரி. நான், பொண்ணுன்னேன். பொண்ணு எங்க போட்டாலும் படிச்சிக்கும், இவனை எடம் மாத்துனா அவ்ளோதான், ரெண்டு மாசத்துல படிப்ப விட்டுட்டு மீன் புடிக்கப் படகுல ஏறிடுவான்னேன். அவனுக்கு வீசிங் வேற இருக்குது, கடல் காத்து ஆவாதுன்னேன். எல்லாம் சொன்னேன். பையன், நம்மகிட்ட இருக்கட்டும்னு ஒரு எண்ணம் இருந்துச்சு பாருங்க, அதை மட்டும் சொல்லல. அதை எனக்கே நான் சொல்லிக்கல.

அப்பறம் நான்தான் சொன்னேன், நாம சண்டை போட வேணாம், ஆண்டவர்கிட்ட விட்டுடலாம்னு.

எங்க சபையில ஒரு பழக்கம் சார். புது வருஷம் பொறந்தா வாக்குத்தத்த சீட்டு எடுப்போம். ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு வசனம் இருக்கும், யாருக்கு எது வருதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவுங்களுக்கு சொன்னது. அந்தச் சீட்டெல்லாம் நம்ம கடையிலதான் ரெடியாவும். நான் ஒரு தாள்ல வசனம் எழுதுவேன், காப்பி போடுவேன், பொண்ணு ஸ்கேல் வச்சு அளவா வெட்டித் தரும். காசு வாங்கறதில்ல. வீட்டுலயும் ஏதாவது முடிவு பண்ண முடியலன்னா அதே மாதிரிதான். ரெண்டு சீட்டு, பைபிளுக்குள்ள வைக்கறது, முட்டி போட்டு ஜெபம் பண்றது, ஒரு புள்ளைய விட்டு எடுக்கச் சொல்றது. எடுத்ததைத்தான் பிரிக்கணும். எடுக்காததைப் பிரிக்க மாட்டோம். பிரிச்சா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்.

ஒங்க கோயில்லயும் பூப்போட்டு பாப்பாங்களா? அதேதான்.

ஞாயித்துக்கெழம, ஆராதனை முடிஞ்சு வந்து, மத்தியானம். யாரு சீட்டு வருதோ அவுங்க அத்தை வீட்டுக்குப் போவணும்னு புள்ளைங்களுக்கு சொல்லியாச்சு. ஜெயராணி சமையக்கட்டுல. நான் கடை ரூம்புக்குள்ள போனேன். ஒரு துண்டுத் தாள்ல பிரிசில்லான்னு எழுதனேன். அடுத்த துண்டுலயும் பிரிசில்லான்னு எழுதணும்.

கை வரல சார். நெசமா சொல்றேன். பி போட்டேன், அதுக்கு மேல பேனா நகரல. அந்த நேரம் பாத்து கரண்ட் இருந்துச்சு. இல்லாம இருந்திருக்கலாம். எட்டு மணி நேரம் நிறுத்தறவன் அந்த அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். மொதத் துண்டைக் கண்ணாடி மேல வச்சு மூடிய எறக்கி, ரெண்டு காப்பி எடுத்தேன். கையால எழுதனதைக் கிழிச்சுப் போட்டுட்டேன். அதை நான் எழுதல, மெஷின்தான் எழுதிச்சுன்னு ஒரு நெனப்பு. பாருங்க எப்படி புத்தி போவுது.

ஜெராக்ஸ் எழுத்தா இருக்குதேன்னு யாரும் கேக்கல. எங்க வீட்டு சீட்டு எப்பவும் அப்படித்தானே.

எப்பவும் சார்லஸுதான் எடுப்பான், சின்னவன்னு. அன்னைக்கு அவன் எடுக்க மாட்டேன்னு கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டான். நான் எடுக்கறேம்மான்னு பொண்ணு வந்துச்சு. கண்ணை மூடி ஒண்ணை எடுத்து அம்மாகிட்ட குடுத்துச்சு. ஜெயராணி பிரிச்சுப் பாத்து அப்படியே ஒக்காந்துட்டா. சீட்டை மறுபடி பைபிளுக்குள்ளயே வச்சுட்டு, ஆண்டவர் சித்தம்னா. பொண்ணு அழுவல. அத்தை வீட்ல டி.வி. இருக்குதான்னு கேட்டுச்சு.

இன்னொரு சீட்டை எடுத்து எரிச்சிருக்கணும். அதான் நீங்களும் கேக்கறீங்க. அன்னைக்கு பூரா என்னால அந்த பைபிளைத் தொட முடியல சார். ஷெல்புல இருக்குது, கை எட்டற தூரம். தொட்டா சுட்டுடும்ங்கற மாதிரி. நாளைக்கு எடுத்துக்கலாம், நாளைக்கு எடுத்துக்கலாம்னு இருந்தேன். பொண்ணு தெனம் ஒரு அதிகாரம் வாசிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன்.

செவ்வாக்கெழம காலையில கடையைத் தொறந்து மெஷின் மூடிய தூக்கறேன். கண்ணாடி மேல ரெண்டு துண்டுச் சீட்டு. எழுத்து கீழ பாக்க, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, கோணாம, காப்பிக்கு வைக்கற மாதிரி. யாரோ பையன் ரேஷன் கார்டு கிழிசலை விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சு திருப்பிப் பாத்தேன். அதே ரெண்டு. எங்க கண்ணாடியில ஒரு கீறல் சார், எந்த காப்பி எடுத்தாலும் ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு விழும். ரெண்டுலயும் அந்தக் கோடு, ஒரே எடத்துல. கடையில கூடமாட நின்ன பொண்ணு. யாரு பண்ணதுன்னு அதுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

ஒண்ணும் கேக்கல சார். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. அம்மாகிட்டயும் சொல்லல. டீ கொண்டாந்து குடுத்துச்சு, சக்கரை சரியா இருக்குதாப்பான்னுச்சு. கேட்டிருந்தாலாவது நாலு பொய் சொல்லியிருப்பேன்.

ஆலப்பாக்கமா வந்துடுச்சு? இன்னும் அரை மணிதான்.

அன்னைக்கே ஜெனரேட்டரை வித்துட்டேன். வந்த வெலைக்குத் தள்ளிட்டேன். கரண்ட் போனா கடையை மூடிட்டுப் போறேன், என்னா இப்ப. கூட கொஞ்சம் மச்சான்கிட்ட வாங்கி, ரெண்டு புள்ளைக்கும் ஸ்கூல்ல மொத டெர்ம் கட்டிட்டேன். ரசீது இந்தா, சட்டைப் பையிலயே இருக்குது. புது யூனிபாரம் கூட எடுத்தாச்சு பொண்ணுக்கு.

நல்லதுதானேங்கறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். சாப்பிடும்போது சொன்னேன். பணம் கட்டியாச்சு, யாரும் எங்கயும் போவ வேணாம்னு. சார்லஸ் தட்டைத் தட்டி டான்ஸ் ஆடனான். அக்கா போயிட்டா எனக்கு யாரு ஹோம்வொர்க் எழுதித் தருவான்னு அவன் கவலை அவனுக்கு. ஜெயராணிதான் புடிச்சிக்கிட்டா. சீட்டு வந்தது வந்ததுதாங்க, ஆண்டவர் சொன்னதை மாத்தறதுக்கு நீங்க யாருன்னா. பயந்து போயிட்டா சார், நெசமாவே. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இது ஆண்டவர் சொன்னதில்லடி, உன் புருஷன் சொன்னதுன்னு. வாய் வரல. இப்பவும் வரல பாருங்க, அவ நாலு வரிசை முன்னாடி இருக்கா, நான் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்.

என்னா சொன்னேன் தெரியுமா? பொண்ணையே கேப்போம்னேன். அது இருக்கறேன்னு சொல்லிடும், நான் தப்பிச்சிக்கலாம்னு. பிரிசில்லா, பீஸ் கட்டியாச்சும்மா, நம்ம வீட்ல இருக்கறியா, அத்தை வீட்டுக்குப் போறியா, உன் இஷ்டம்தான்னேன்.

அத்தை வீட்டுக்குப் போறேன்னுச்சு.