ஐயா என்ன சொல்கிறார் என்றால்

சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ஐயாவுக்குப் பிடிக்கும். டாக்டர் குறைக்கச் சொன்னார் என்று சமையல்கட்டு அண்ணன் உப்பே போடாமல் கொண்டுவந்து வைத்தார். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு "ம்ஹா" என்றார். சமையல்கட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். "உப்பு இல்லைங்கறார்" என்றேன். ஐயா தலையை ஆட்டினார். நீங்கள் என்மேல் எழுதி வைத்திருக்கும் குற்றச்சாட்டு பதினான்கு பக்கம் வருகிறது, அதில் இந்த உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

தலைமை மடத்திலிருந்து வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எங்கள் வழக்கம் தெரியும். இருந்தாலும் வாக்குமூலத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறீர்கள், சொல்கிறேன். நாங்கள் முப்பத்திரண்டு பேர். முன்னால் சேர்ந்தவர் அண்ணன், பின்னால் சேர்ந்தவர் தம்பி, வயதெல்லாம் கணக்கில்லை. மடத்தின் தலைவர் மட்டும் ஐயா. அவரை நாங்கள்தான் தேர்ந்தெடுக்கிறோம், தேர்ந்தெடுத்த பிறகு அவர் சொன்னால் சொன்னதுதான். யார் சமைப்பது, யார் தோட்டத்தில் நிற்பது, யார் எந்த அறையில் படுப்பது எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். உள்ளே வரும் கடிதத்தையும் வெளியே போகும் கடிதத்தையும் அவர்தான் முதலில் பிரிப்பார். சாகும்வரை அவர்தான் ஐயா. இடையில் விலக வேண்டுமென்றால் சபை முன்னால் தன் வாயாலேயே மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றரை வருடத்துக்கு முன் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, அந்த வாயிலிருந்து "ம்ஹா"வைத் தவிர எதுவும் வரவில்லை.

நான் மருத்துவ அறைக்காரன். பதினெட்டு வருடமாக மற்றவர்களுடைய கால் ஆணி, மூட்டு வலி, மலச்சிக்கல் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். மலச்சிக்கலைத் தவிர வேறு எதற்கும் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. ஐயாவைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தேன். என் அம்மாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. ஆறு வாரத்தில் ஐயாவின் "ம்ஹா"வில் எது தண்ணீர், எது ஜன்னல், எது தலையணை என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. மற்ற எவருக்கும் பிடிபடவில்லை. அதற்காக நான் கர்வப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் சபையில் நூலக அண்ணன் கேட்டார், மேல்தளத்துக் கூரையை இந்த வருடம் மாற்றலாமா, அடுத்த வருடமா என்று. ஐயா "ம்ஹா" என்றார். முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. அது தண்ணீர் "ம்ஹா". ஆனால் முப்பது பேர் காத்திருக்கும்போது தண்ணீர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஐயா என்ன சொல்றார்னா, இந்த வருஷமே மாத்திடலாமாம்" என்றேன். கூரை உண்மையிலேயே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அந்த வருடம் பெய்த மழையைப் பார்த்த எல்லோரும் ஐயாவைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கொண்டாடினார்கள்.

அதன் பிறகு வாய் எப்படிச் சும்மா இருக்கும்? சமையல்கட்டில் பாட்டுப் பாடுவதை ஐயா நிறுத்தச் சொன்னார். சமையல்கட்டு அண்ணனின் குரல் அப்படி. நூலகத்துப் புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கச் சொன்னார், அதுதான் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. தெற்கு ஜன்னல் வைத்த அறையை மருத்துவ அறைக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னார். அதை அறிவிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது, இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் முறை எதையும் நான் மீறவில்லை. ஐயா முடிவெடுக்கும் முன் கடைசியாகச் சேர்ந்த தம்பிவரை எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முந்தைய ஐயாக்கள் அதைக் காற்றில் பறக்கவிட்டவர்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்ததைச் சொன்னேன்.

தோட்டத்து அண்ணன் ஒருவர்தான் முகத்துக்கு நேரே சொன்னார். "ஐயா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருப்பா. அவர எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்." வெடுக்கென்று பேசுகிற மனிதர், ஆனால் மண்ணை நன்றாக அறிந்தவர். மறுநாளே ஐயா அவரை மலைமேல் இருக்கும் பழத்தோட்டத்துக்கு மாற்றினார். அங்கே ஓர் ஓட்டு வீடும் இரண்டு கழுதைகளும்தான் துணை. விடைபெற வந்தபோது ஐயா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, என்னென்னவோ சத்தமெல்லாம் போட்டார். தோட்டத்து அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொல்றாருப்பா?"

"இருட்டறதுக்குள்ள மலை ஏறிடச் சொல்றார்."

விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. மடம் நன்றாக நடந்தது, அதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும். அப்புறம் ஒரு காலை, முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஐயா என்னைப் பார்த்துத் தெளிவாக, "போகணும்" என்றார்.

எனக்குத் துண்டு கை தவறி விழுந்தது. கழிவறைக்கா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். நெடுநேரம் முயன்று, நெற்றியெல்லாம் வேர்த்து, இன்னும் இரண்டு சொல் சொன்னார். "தங்கச்சி வீட்டுக்கு." நான் மகிழ்ச்சியில் அழுதுவிட்டேன். நம்பாவிட்டால் போங்கள். அந்த நாக்கு திரும்பியதற்கு தினம் மூன்று வேளை தேன் தடவிப் பயிற்சி கொடுத்த என் கைதான் காரணம்.

ஐயாவுக்கு ஒரே ஒரு தங்கை, அரை நாள் ரயில் பயணத்தில் இருக்கும் ஊரில் தையல் வேலை செய்தாள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டதாக எழுதியிருந்தாள். "அண்ணா, நீ பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்" என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தை நான்தான் ஐயாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். படித்துக் காட்டாமல் விட்டிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. ஐயா விலகிவிட்டு அவளிடம் போக நினைத்தார். அவர் போனால் அடுத்த ஐயா நூலக அண்ணன்தான். எல்லோருக்கும் பிடித்த மனிதர் அவர், அதுவே எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. புத்தகங்கள் பழைய வரிசைக்குப் போகும், தோட்டத்து அண்ணன் மலையிலிருந்து இறங்கி வருவார், நான் கால் ஆணிக்குத் திரும்ப வேண்டும். மடத்தின் அமைதி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அன்று மாலைச் சபையில் எழுந்து நின்று, ஐயா ஆயுள் மௌனம் ஏற்றிருக்கிறார் என்று அறிவித்தேன்.

ஆயுள் மௌனம் எங்கள் மடத்தில் நூறு வருடத்தில் இரண்டு பேர் ஏற்றது. அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் கிடையாது. அதற்கு ஒரு விதி உண்டு. மௌனம் ஏற்றவர் பலவீனத்தால் வாய் தவறிப் பேசிவிட்டால், கேட்பவர்கள் உடனே காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். யாரும் கேட்காவிட்டால் விரதம் முறிந்ததாகக் கணக்கில்லை. சைகை, எழுத்து எல்லாவற்றுக்கும் அப்படித்தான், கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நோயாளியின் முனகலைக் கேட்க வேண்டியவன் என்பதால் மருத்துவ அறைக்காரனுக்கு மட்டும் விலக்கு. இதையெல்லாம் நான் உண்டாக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நூலகத்தில் மூன்றாம் தட்டில், குட்டைப் புத்தகங்களோடு.

நான்கு நாள் கழித்து ஐயா சபையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் உதவாமல், தானாகவே எழுந்து நின்றார். "நான் விலகறேன்" என்றார். சுத்தமான உச்சரிப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். சமையல்கட்டு அண்ணன் விம்மி விம்மி அழுதார். "எவ்வளவு கஷ்டப்படறார் பாரு, நம்மால அவர் விரதம் கெடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடிக்கொண்டது. ஐயா இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். காலி நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "உக்காருங்கய்யா, கால் வலிக்கும்" என்றேன்.

அதன் பிறகும் அவர் விட்டாரா? சாப்பாட்டு அறையில் முயன்றார், தாழ்வாரத்தில் முயன்றார், துணி துவைக்கும் இடத்தில்கூட முயன்றார். அவர் வாயைத் திறந்தாலே ஆட்கள் ஓடினார்கள். ஐயா வருகிறார் என்றால் கையை முன்கூட்டியே காதருகில் வைத்துக்கொண்டு நடக்கும் பழக்கம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அத்தனையும் பக்தி.

தங்கை நேரிலேயே வந்தாள். வாடகைக் காரில், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய கால்களோடு பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணனப் பாக்கணும்."

"ஐயா உறவையெல்லாம் விட்டுட்டாரும்மா."

"அத அவர் வாயால சொல்லட்டும், நான் போயிடறேன்."

"அவர்தான் பேசறதில்லையே."

"பேச வேண்டாம்ப்பா. தூரத்துல இருந்து பாத்துட்டுப் போறேன்."

நான் உள்ளே போய், தாழ்வாரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு, திரும்பி வந்து, ஐயா மறுத்துவிட்டதாகச் சொன்னேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கையாலேயே மாட்டிக்கொள்ளும்படி பொத்தானுக்குப் பதில் பெரிய கொக்கி வைத்துத் தைத்திருந்தாள். நல்ல வேலைப்பாடு, வீணாக்க எனக்கு மனமில்லை. கடையில் வாங்கியது என்று ஐயாவுக்குப் போட்டுவிட்டேன். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சபையில் எல்லோர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஐயா உலகத்தோட துன்பத்துக்காக அழறார்" என்று சொன்னேன். அன்று எல்லோரும் உபவாசம் இருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் அவள் இறந்துபோன செய்தி கடிதத்தில் வந்தது. அதைச் சொன்னால் ஐயாவின் ரத்த அழுத்தம் ஏறும். ஒரு மருத்துவ அறைக்காரனாக அந்த முடிவுக்கு நான் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் "தங்கச்சி?" என்று கேட்பார். "நல்லா இருக்காங்களாம்யா, உங்கள விசாரிச்சாங்களாம்" என்பேன். அப்படி ஏழு மாதம். சில வாரம் அவள் பெயரில் கடிதமே எழுதிப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வாரங்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பல் வலி வராமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். கடைவாய்ப் பல் வீங்கி, ஐயா மூன்று நாள் தூங்கவில்லை. யாரையும் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, நானே பல் டாக்டரை வரவழைத்தேன். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் என்ன பேசிவிட முடியும் என்று நினைத்தேன். டாக்டர் வெந்நீர் வேண்டும் என்றார். சமையல்கட்டுக்குப் போய் வர நான்கு நிமிடம். வெளியாள் அவர், காதைப் பொத்திக்கொள்ளத் தெரியாதவர். திரும்பி வந்தபோது ஐயாவின் கை அவர் கோட்டைப் பிடித்திருந்தது. "என் தங்கச்சிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அந்த ஊருக்கு விசாரிக்கப் போன் போட்டார். மறுநாள் வந்து ஐயாவின் கட்டிலில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவர் அவர்தான். உங்களுக்கு எழுதியவரும் அவர்தான்.

ஆகையால், எழுதிக்கொள்ளுங்கள். மூன்றரை வருடம் ஐயாவின் பெயரால் இந்த மடத்தை நடத்தியவன் நான். அவர் ஏற்காத மௌனத்தை அவர்மேல் ஏற்றியவன் நான். சாகக் கிடந்த தங்கையை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதும், அவள் செத்ததை மறைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். நேற்று ஐயாவை இந்த அறைக்குக் கூட்டிவந்து, என்னை எதிரில் உட்கார வைத்து, அவரிடம் கேட்டீர்கள். அவர் நிதானமாக, ஒரு சொல்லும் பிசகாமல், "இவன் இனிமே என் கண்ணுல படக் கூடாது" என்றார். நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, உங்களுக்கு அவரோடு பழக்கமில்லை. மூன்றரை வருடம் பக்கத்திலேயே இருந்தவன் சொல்கிறேன், அந்த வரியை அடித்துவிடுங்கள். ஐயா என்ன சொல்கிறார் என்றால், நான் ரொம்பவும் களைத்துப்போயிருக்கிறேனாம், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டுமாம்.