தேநீரில் நனைத்த வரைபடம்

"நாலு வயசுப் பிள்ளைக்குக் கொள்ளையடிக்கச் சொல்லிக் குடுக்குறாங்க" என்றாள், மலேசியாவின் கிள்ளான் ரயிலில் எதிரே இருந்தவள், பக்கத்துத் தோழியிடம். மகள் கடல்கொள்ளையர் விளையாட்டுக்காகப் பாலர் பள்ளியில் செய்த கறுப்புக் கண்பட்டையும், தேநீரில் நனைத்துப் பழசாக்கிய புதையல் வரைபடமும் அவள் மடியில் இருந்தன.

"விளையாட்டுதானே லா. காணாமப் போன உன் தங்கச் சங்கிலி கிடைச்சதா?"

"எங்க கிடைக்கும்? வீட்டு வேலைக்கு இருக்கற அந்த மெய்டுதான் எடுத்திருக்கணும். நேத்தே போலீஸ் ரிப்போர்ட் குடுத்தாச்சு. கேட்டா அழுவுறா, அதுவே சந்தேகமா இருக்கு."

தோழி வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இது உங்க வீட்டு சாமி மேடை மாதிரி இருக்கே. விளக்குக்குப் பக்கத்துல எதுக்கு உன் மக சிவப்புல எக்ஸ் போட்டிருக்கா?"

தாய் வரைபடத்தை அவளிடமிருந்து வாங்கி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"இத நீ யார்கிட்டயும் சொல்லாத லா."