அந்தரத்தில் நின்ற கேபிள் கார்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தங்கையிடம், "உன்ர அத்தானோட கதைக்காமலே மூண்டு நாள் மலேசியாவச் சுத்திப் பார்த்தனான்" என்றார். கணவர் பக்கத்தில்தான் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா, என்ன பிரச்சினை?"

"ஊரை நடந்து சுத்திப் பார்க்கிற பயணத்துக்கு மகள் பதிஞ்சு தந்தவள். இவர் அவளிட்ட, அம்மாவுக்கு நடக்க ஏலாது, அவவை விட்டிட்டுப் போவம் எண்டு சொன்னவர். அதுக்காகவே வழிகாட்டிப் பிள்ளை உயர்த்திப் பிடிச்ச குடைக்குப் பின்னால முதல் ஆளா நடந்தனான். இவர்தான் கடைசியா வந்தவர்."

"பிறகு?"

"மலைக்குப் போற கேபிள் காரில மகளையும் மற்ற ஆக்களையும் முன் பெட்டியில ஏத்திப்போட்டு, எங்கள் ரெண்டு பேரையும் தனிய ஏத்திவிட்டினம். அது பாதி வழியில நிண்டிட்டுது. கீழ முழுக்கக் காடு. அப்பதான் இவர் வாயத் திறந்தவர். 'உனக்குப் பயமா இருக்கோ?' எண்டு கேட்டார். இல்லை எண்டன். 'எனக்கு இருக்கு' எண்டு என்ர கையப் பிடிச்சவர்."

தங்கை சிரித்துவிட்டார். "ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போற அத்தானுக்கோ பயம்?"

"கடலெண்டா நீந்தலாம். அங்க என்னத்தச் செய்யிறது?" என்றார் கணவர்.

"எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டது?"

"பத்து நிமிசம் இருக்கும்" என்றார் அக்கா.

"அஞ்சு நிமிசம்தான்" என்றார் கணவர். "இன்னும் கொஞ்ச நேரம் நிண்டா நல்லம் எண்டு நினைச்சனான்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாம்" என்றார் மெதுவாக.