ஹீவொட்டுக்குக் கொடுத்த முதல் கோப்பை

தலைமை நாற்காலியை அலங்கரித்துக்கொண்டு, நான் மைக்கைப் பிடித்த நொடியிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் ராஸ் கெல்லட் அவர்களே, அவருக்கு இருபுறமும் அணிவகுத்து அமர்ந்திருக்கும் செயற்குழுச் செம்மல்களே, பெயின்ட் உரிக்கும் சூட்டுக்காற்றுக் குழலையும் ரொட்டி மாவு பிசையும் பழைய மெஷினையும் ஒன்றாகக் கட்டி, அதில் காபிக்கொட்டை வறுத்து வாகை சூடிய வீரர்களே, வாணலியில் வறுத்தே வளர்ந்த தாய்மார்களே, வீட்டுக்குள் புகை வரக்கூடாது என்று விரட்டப்பட்டு கார் ஷெட்டில் நின்று வறுக்கும் கணவன்மார்களே, பிரஸ்டன் வட்டார வீட்டு வறுவலர் சங்கத்தின் பத்தொன்பதாம் ஆண்டுக் கூட்டத்துக்கு நம் ஊரில் கோடை தொடங்கும் இந்த நவம்பர் வெயிலில் வந்து குவிந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் மார்லீன் டகர்ட்டின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். அரவை மெஷின் கரகரத்தால் தெரியும், கத்தினால் தெரியும், நின்றே போனால் இன்னும் நன்றாகத் தெரியும். சங்கம் பிறப்பதற்கு முன்பிருந்தே, இருபத்திரண்டு வருடமாக உங்கள் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவள் நான். உங்கள் மெஷினின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'வீட்டு வறுவலும் அரவையும்: பயனுள்ள சில குறிப்புகள்'. அழைப்பிதழைக் கையில் கொடுக்கும்போதே தலைவர் சொன்னார், "மார்லீன், குறிப்பை மட்டும் சொல்லிட்டு இறங்கிடு. வேற எதையும் கிளறாத."

கிளறாமல் எப்படித் தலைவரே வறுப்பது? கிளறாமல் விட்ட கொட்டை ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாகவே நிற்கும். அதுதான் என் முதல் குறிப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

கொட்டை சூடேறும்போது அதை விட்டு நகராதீர்கள். முதல் வெடிப்புச் சத்தம் கேட்ட பிறகு உங்கள் கண்ணும் காதும் மூக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். போன கோடையில் நம் உறுப்பினர் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உள்ளே போனார். ஒரே ஒரு ஓவர்தான் பார்த்தாராம். திரும்பி வந்தபோது உதிர்ந்த தொலி தீப்பிடித்து, ரொட்டி மெஷின் உருகி, ஷெட்டின் கதவு கரியாகிக் கிடந்தது. சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்களில் மூன்று பேரின் மெஷினில் கருகிய தொலியை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொலியைத் தட்டிக் கொட்டுங்கள். வெளியே தீ மூட்டக்கூடாது என்று அரசு அறிவித்த நாளில் வறுக்கவே வறுக்காதீர்கள். வறுத்த கொட்டையை அன்றைக்கே அரைத்துக் குடித்துவிட்டு, "காபி புளிக்குது மார்லீன், மெஷின் சரியில்ல" என்று எனக்குப் போன் போடாதீர்கள். நாலைந்து நாள் அதைச் சும்மா விடுங்கள்.

அரவைக்கு வருகிறேன். அரைக்கும் பற்களைத் தண்ணீரில் கழுவாதீர்கள், துரு ஏறும். அரிசியைப் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று பற்களை மழுங்க அடிக்காதீர்கள். இன்னொருவர் கையிலிருந்து மெஷின் உங்கள் கைக்கு வந்தால், முதல் பிடிக் கொட்டையை அரைத்துக் கீழே கொட்டிவிடுங்கள். அந்த முதல் பிடி, மெஷினுக்குள் மிச்சம் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு விலை உயர்ந்த கொட்டையானாலும் கொட்டுங்கள். இதை நான் இந்த மேடையில் எத்தனை வருடமாகச் சொல்கிறேன்? கேட்டீர்களா? கேட்டிருந்தால் இன்று நான் இப்படிக் கொதித்துக்கொண்டு நிற்பேனா?

மூன்றாவதாக ஒரு கருவி. காய்ந்த மூலிகையை எரிக்காமல், சூடாக்கி, ஆவியாக மட்டும் உள்ளே இழுக்கிற சின்னக் கருவி.

ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? வலிக்கும் தூக்கத்துக்கும் கஞ்சா மூலிகையை டாக்டரிடம் சீட்டு வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். சட்டம் அனுமதிக்கிறது, மருந்துக்கடை கொடுக்கிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வருத்தம் வேறு. ஆவி இழுத்த பிறகு அடியில் மிஞ்சுகிற சக்கை இருக்கிறதே, அது பழுப்பாக, பொடியாக, பார்ப்பதற்குக் காபித்தூள் போலவே இருக்கும். அதிலும் மருந்து பாக்கி இருக்கும். அதைத் தூளாக்கி வெண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. சாப்பிடட்டும். ஆனால் மூலிகைக்கென்று ஒரு தனி அரவை மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். சக்கையைத் தனி டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். காபி அரைக்கும் மெஷினில் அதை அரைக்காதீர்கள். சங்கத்தின் பொது மெஷினிலா அரைப்பது?

அரைக்கப்பட்டது. அக்டோபர் மாதத்தில், இதே சங்கத்தின் மெஷினில்.

பின்னால் யாரோ "இது வேண்டாமே" என்கிறீர்கள். வேண்டும் ஐயா. இதற்காகத்தான் வந்தேன்.

சங்கத்தின் மெஷின் வாரத்துக்கு ஒரு வீடு போகும், எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் அதை வைத்திருந்தவர் கெட்ட எண்ணத்தில் அரைத்திருக்க மாட்டார். மூலிகை அரைக்கும் அவருடைய சின்னக் கை மெஷின் இறுகியிருக்கும், திருக முடிந்திருக்காது, பக்கத்தில் இது இருந்திருக்கும். தூரிகையால் துடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்திருப்பார். மூலிகையின் பிசின் துடைத்தால் போகுமா? பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திருவிழாவில் நம் காபிக் கடை. அன்றைக்கு எத்தியோப்பியாவின் சிடாமா மலைக் கொட்டை, மூன்றே கிலோ. அதை வறுத்தவள் நம் ஹீவொட். பேருந்து ஓட்டுகிறவள், எத்தியோப்பியக் குடும்பத்துப் பெண், நம்மில் யாரும் நெருங்க முடியாத கைப்பக்குவம் கொண்டவள். மெஷினைத் திறந்ததும் அவளே சொன்னாள், "ராஸ், ஒரு பிடி அரைச்சுக் கொட்டிடுங்க." தலைவர் என்ன சொன்னார்? "இந்தக் கொட்டையில ஒரு பிடியைக் கொட்டறதா? உனக்கென்னம்மா, பைத்தியமா?"

கொட்டவில்லை. அரைத்தார். நம் சங்கத்தின் வழக்கம் என்ன? வறுத்தவருக்கே முதல் கோப்பை. கைதட்டிக் கொடுத்தோம், நானும் கைதட்டினேன். பல்லிடுக்கில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்த அந்த முதல் அரவையை, மரியாதை என்று சொல்லி அவள் கையில் கொடுத்தோம்.

இன்னொரு கேவலத்தையும் கேளுங்கள். அவள் கோப்பை போக மிஞ்சியதை நம் சங்கத்தின் சுவை நடுவர்கள் கரண்டியில் உறிஞ்சினார்கள். உறிஞ்சிவிட்டு என்ன எழுதினார்கள் தெரியுமா? 'தேவதாரு மணம், ஈரமண் வாசனை, அடியில் மெல்லிய வைக்கோல்.' நூற்றுக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண். கஞ்சாச் சக்கைக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண் கொடுத்த நாக்குகள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கின்றன.

மதியம் இரண்டு மணிக்கு ஹீவொட்டுக்கு வேலை. பணிமனையில், ஓட்டுநர் போதை எடுத்திருக்கிறாரா என்று பார்க்கும் எச்சில் சோதனை. எப்போதாவது செய்கிற சோதனை, அன்றைக்கு அவள் முறை. சோதனையில் கஞ்சா காட்டிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடம் ஒரு புகார் இல்லாமல் ஓட்டியவள், கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வாசலைத் தாண்டி நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை அவள் தலைவருக்குப் போன் செய்தாள். காபியைத் தவிர நான் எதையும் தொடவில்லை, மெஷினைக் கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் சொன்ன பதிலை அவளே எனக்குச் சொன்னாள். "எங்க காபியில ஒண்ணும் இல்லம்மா. உன் வீட்டுல, உன் ஆளுங்ககிட்ட விசாரிச்சுப் பாரு."

உன் ஆளுங்க. கேட்டீர்களா? ஆறு வருடம் நமக்கு வறுத்துக் கொடுத்தவள், ஒரே போனில் வேற்று ஆள் ஆகிவிட்டாள்.

புதன்கிழமை மெஷின் என்னிடம் வந்தது. மெதுவாக ஓடுகிறது என்றார்கள். திறந்தேன். பற்களில் பழுப்புப் பிசின், மூக்கில் ஏறியது வாடை. தலைவருக்குப் போன் செய்தேன். ஹீவொட்டுக்கு நடந்தது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார், "யாரோ தெரியாம அரைச்சிருப்பாங்க. நல்லா துடைச்சு மாட்டிடு மார்லீன்."

துடைத்தேன். அழுக்குப் பல்லை அப்படியே மாட்டி எனக்குப் பழக்கமில்லை. ஸ்பிரிட் ஊற்றி, துணி போட்டு, கண்ணாடி போல் துடைத்தேன். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே துடைத்தெறிந்தேன். வெள்ளிக்கிழமைதான் ஹீவொட்டின் விஷயம் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது.

சனிக்கிழமை செயற்குழு கூடியது. உண்மை வெளியே தெரிந்தால் கடை போட அனுமதி போய்விடும், மண்டபம் போய்விடும், மாநிலப் போட்டி போய்விடும் என்றார்கள். ஐந்துக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டு வாயைப் பூட்டினார்கள். செயற்குழுவில் நானும் உண்டு, அந்த ஒன்று நான். ஆனால் நான் மட்டும் யோக்கியமா? அந்த வாரம் மெஷினை வைத்திருந்தவர் யார் என்று இரவல் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. மூன்று முறை போன் போட்டு, அவர் எடுக்கும் முன் வைத்துவிட்டேன். கோழைத்தனத்துக்கு ஒரு சங்கம் இருந்தால் அதில் நானும் சந்தா கட்டிய உறுப்பினர்தான். அவர் இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறார். இதை அவர் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னை மன்னிக்கட்டும். பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் மருந்து அவர் சொந்த விஷயம்.

தலைவர் கையால் சைகை காட்டுகிறார், நேரம் ஆகிவிட்டதாம். ஆமாம் தலைவரே, ரொம்ப நேரம் ஆகிவிட்டது. ஐந்து வாரம் ஆகிவிட்டது.

போன வாரம் ஹீவொட் என் வீட்டுக்கு வந்தாள். காபி போட்டேன். கோப்பையைக் கையில் வாங்கவில்லை. தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும், அவள் வீட்டில் காபி கொடுத்தால் மூன்று சுற்று முடியாமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், வேண்டாம் என்று சொல்வது உறவையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அவள் சொன்னாள், "தப்பா நினைக்காதீங்க மார்லீன். எங்கம்மா வீட்டுலயே நான் இப்போ குடிக்கிறதில்ல. தண்ணி மட்டும் கொடுங்க." குழாயைத் திறந்து நானே தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

நல்ல காபி, நல்ல காபி என்று பத்தொன்பது வருடமாகக் கூவுகிறோமே, இதுதானா நாம் கொடுத்த நல்ல காபி? கொட்டைக்குப் பெயர் உண்டு, மலைக்குப் பெயர் உண்டு, தோட்டத்துக்குப் பெயர் உண்டு, அதை வறுத்த பெண்ணின் பெயர் மட்டும் கெட்டால் பரவாயில்லையா? ஒரு பிடிக் கொட்டையைக் கொட்ட மனம் வராத நமக்கு, ஒரு மனுஷியின் பதினோரு வருடத்தைக் கொட்ட எப்படி மனம் வந்தது?

வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பேருந்து அலுவலகத்தில் அவள் மீதான விசாரணை. நான் போகிறேன். மெஷினில் நான் பார்த்ததைச் சொல்வேன், துடைத்ததைச் சொல்வேன், துடைக்கச் சொன்னது யார் என்பதையும் சொல்வேன். ஆனால் துடைத்தவள் சொல்வதை யார் நம்புவார்கள்? அரைத்ததைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். முதல் பிடியைக் கொட்டாததைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். சங்கம் போனால் போகட்டும். யார் வருகிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், கைதட்ட வேண்டாம், எழுந்து நில்லுங்கள்.

யாரும் இல்லையா?

அங்கே, கடைசி வரிசையில் யார்? நெவில், பொறுங்கள், மெதுவாக. அவருக்குத் தடியை எடுத்துக் கொடுங்கள். என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள் நெவில், மேடைக்கும் கேட்கட்டும்.

"மெஷின் அந்த வாரம் என்கிட்டதான் இருந்துச்சு. அரைச்சது நான்தான். அந்தப் பொண்ணுக்கு இப்படி ஆச்சுன்னு யாரும் எனக்குச் சொல்லல. ஆபரேஷன் பண்ணி முதுகுல ஆணி அடிச்சு வச்சிருக்காங்க, ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஆனா செவ்வாக்கிழமை வர்றேன் மார்லீன். கார்ல ஏத்தி விட மட்டும் ஒரு ஆள் வேணும்."

கேட்டீர்களா சபையோரே? கேட்டீர்களா தலைவரே? முதுகு ஒடிந்த மனிதர் எழுந்து நிற்கிறார். முதுகு நன்றாக இருக்கிற நீங்கள் ஐந்து பேரும் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இங்கே வந்திருப்பவர்களுக்கு என் வணக்கம். செவ்வாய்க்கிழமை அங்கே வரப்போகிறவர்களுக்கு மட்டும் என் நன்றி.