ஒரு வரி முன்னால்

– நாயாவது பொழைச்சிருக்கலாம்ல, தம்பி?

– எந்த நாய், அண்ணி?

– தெரியாத மாதிரி கேக்காத. கடைசியா நீ கொண்டுவந்த புத்தகம். சின்னப் பசங்க படிக்கிறது. அட்டையில பந்தக் கவ்விக்கிட்டு நிக்குமே, அந்த நாய். என்னால முடியல, லேசா ஒண்ணு குடுன்னு வாயவிட்டுக் கேட்டேன். நீ பாத்துப் பாத்து நாய் சாகுற கதையக் கொண்டாந்து வெச்ச.

– அது வந்து... குழந்தைங்க பிரிவுல நல்லாப் போற புத்தகம் அண்ணி.

– நாயும்தான் நல்லாப் போயிருச்சு.

– உக்காருங்க அண்ணி. நான் வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

– உக்காந்தா எந்திரிக்கத் தோண மாட்டேங்குது. நீ உக்காரு. கீழ என்ன பாக்குற? துருக்கறைதான். உங்க அண்ணன் படுத்திருந்த கட்டில வாடகைக் கடைக்காரர் தூக்கிட்டுப் போயி பத்து நாளாச்சு, நாலு காலும் நின்ன எடம் போக மாட்டேங்குது. ரெண்டு தரம் தேச்சேன். என்னமோ போ, இருந்துட்டுப் போகட்டும்.

– புத்தகம் ஏழும் எடுத்து வெச்சுட்டீங்களா? அவசரமில்ல. லைப்ரரி பதிவேட்டுல வந்துருச்சுன்னு குறிச்சுக்கணும், அவ்ளோதான்.

– மேசை மேல இருக்கு. படிச்ச வரிசையில அடுக்கியிருக்கேன். ஒரே மாசத்துல ஏழு. ஆச்சரியமா இல்ல? முப்பது வருஷம் கோர்ட்டுல உக்காந்து ஊரான் வாக்குமூலத்த டைப் அடிச்சேன். எனக்குன்னு ஒரு புத்தகம் முழுசாப் படிச்சதில்ல. உங்க அண்ணன்தான் படிக்கிற ஆளு. பஸ் டிப்போவுல ஒரு வண்டி கெளம்பி அடுத்த வண்டி வர்றதுக்குள்ள இருபது பக்கம் முடிச்சிடுவாரு. அவரு கையில புத்தகம் நிக்கலன்னு ஆனப்புறம்தானே நான் வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன்.

– நல்லா வாசிக்கிறீங்கன்னு அண்ணன் சொல்லுவாரு.

– என்ன சொல்லுவாரு?

– உங்க அண்ணி முன்னாடி ரேடியோ தோத்துச்சுடான்னு.

– சும்மா சொல்லாத. சரி, நோட்ட எடு. மேல இருக்கிறது துப்பறியும் கதை. அது எப்படி ஆரம்பிக்குது தெரியுமா உனக்கு?

– தெரியும் அண்ணி. சோபாவுல ஒரு பொணம்.

– மொத வரியே பொணம். டாக்டர் உங்க அண்ணனுக்கு நாள் குறிச்சு ரெண்டு நாள்கூட ஆகல. அவருகிட்ட சொல்ல வேணாம், மனசு விட்டுடுவாருன்னு நானும் நீயும் ஆஸ்பத்திரி லிஃப்ட் பக்கத்துல நின்னு முடிவு பண்ணிட்டு வந்தோம். வந்து புத்தகத்தத் தொறந்தா பொணம்.

– என்ன பண்ணீங்க?

– மயக்கம் போட்டுக் கெடந்தாருன்னு வாசிச்சேன்.

– அண்ணி!

– டைப் அடிக்கிறவளுக்குக் கண்ணு எப்பவும் ஒரு வரி முன்னாலயே போகும், தம்பி. கை இங்க இருக்கும், கண்ணு அங்க இருக்கும். சாவு வருதுன்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், உடனே வண்டியத் திருப்பிடுவேன். முப்பது வருஷம் சாட்சி சொன்னதுல ஒரு எழுத்து மாத்தாதவ நான். அன்னிக்கு மாத்தினேன். கொலைக் கேஸ் தூக்க மாத்திரைக் கேஸா ஆச்சு. மயக்கம் போட்டவரு இருநூறு பக்கமா எந்திரிக்கவே இல்ல, இன்ஸ்பெக்டர் வர்றவன் போறவன எல்லாம் புடிச்சு மெரட்டிட்டிருக்காரு. ஒரு மாத்திரைக்கு எதுக்குடி இத்தன போலீசுன்னு கேட்டாரு உங்க அண்ணன்.

– சிரிச்சாரா?

– சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் சொன்னாரு, அந்த மொதப் பக்கம் சரியாக் காதுல விழல, இன்னொரு தரம் வாசின்னு. நல்லவேளை, நான் சொன்ன பொய் எனக்கு வரி மாறாம ஞாபகம் இருந்துச்சு.

– ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்படிக் கேட்டாரா?

– ஒவ்வொண்ணுக்கும்தான். மாத்தி வாசிச்ச பக்கமா பாத்துக் கேப்பாரு. காது மந்தமாகுதுன்னு டாக்டர்கிட்டகூட சொன்னேன். அடுத்தது என்ன, கப்பல்காரரு பயணம் போனதா? அவர பனிக்கட்டியில சாக விடாம ஒரு துறைமுகத்துல எறக்கிவிட்டேன். எந்தத் துறைமுகம்னு கேட்டாரு. வாய்க்கு வந்த பேரச் சொன்னேன். அப்படியான்னு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. ராஜா கதையில ராஜாவ நாடு கடத்தினேன், அது சுலபம்.

– காதல் கதை?

– அந்தப் பொண்ணுக்கு வந்த காய்ச்சல எறக்கிக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்ட எடம்தான் கொஞ்சம் இழுவையாப் போச்சு. வானத்தப் பத்தினது இருக்கே, அறிவியல், அதையாவது நிம்மதியா வாசிக்கலாம்னு பாத்தேன். தம்பி, நட்சத்திரம்கூடச் சாகுதாம்.

– அதுவும் உண்டு அண்ணி.

– அது பாட்டுக்கு மேல மினுக்கிட்டுக் கெடக்குதுன்னுதானே நெனச்சேன். டூட்டி முடிஞ்சு ஓய்வு எடுக்குதுன்னு வாசிச்சு விட்டேன். பென்ஷன் உண்டான்னு கேட்டாரு.

– பச்ச அட்டை போட்டது கவிதை. இதுல அம்பதாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு தாள் இல்லையே?

– நான்தான் கிழிச்சேன்.

– நீங்களா?

– கவிதைய எப்படித் திருப்புறது? எங்க தொட்டாலும் இடிக்குது. பக்கம் கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன். எங்க, குடு, தடவிப் பாக்குறேன்னு கைய நீட்டினாரு. சேலை நுனிய வாயில வெச்சுக்கிட்டு இருமுற மாதிரி நடிச்சு, அந்தச் சத்தத்துல தாளக் கிழிச்சு, அப்புறம்தான் குடுத்தேன். உன் பதிவேட்டுல என்ன எழுதணுமோ எழுதிக்கோ.

– நான் ஒண்ணும் எழுதல.

– எழுதுப்பா. செஞ்ச தப்புல ஏதாவது ஒண்ணு எங்கயாவது பதிவாகட்டும்.

– அண்ணி, கொஞ்சம் தண்ணி குடிங்க.

– தண்ணி கெடக்குது. கடைசி நாள் மத்தியானம் உங்க அண்ணன் என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ஃபேனக் கொஞ்சம் கொறைன்னாரு. அவ்ளோதான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அதான் கடைசி வார்த்தை. தெருமுனைக்கு பிளேடு வாங்கப் போனாலும் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போற மனுஷன் அவரு. நான் குளிச்சிட்டிருந்தா கதவத் தட்டிச் சொல்லிட்டுப் போவாரு. போறோம்னு தெரிஞ்சிருந்தா சொல்லாமப் போயிருப்பாரா?

– அப்படி நெனச்சு மனச வருத்திக்காதீங்க.

– வேற எப்படி நெனைக்கட்டும்? மனுஷனுக்குத் தான் சாகப் போறது தெரியாமப் பண்ணிட்டேன். ஒரு நல்ல வார்த்தை, ஒரு திட்டு, ஏதோ ஒண்ணு சொல்லணும்னு இருந்திருக்கும்ல? அதுக்குக்கூட வழி விடல நான். பக்கத்துக்குப் பக்கம் கதவச் சாத்திக்கிட்டே வந்திருக்கேன்.

– நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க.

– நீ எதுக்குப் பண்ணின? உங்க லைப்ரரியில ஆயிரம் புத்தகம் இல்ல? தோட்டம் போடுறது, கோலம் போடுறது, கடிகாரம் ரிப்பேர் பண்றதுன்னு எத்தன இருக்கு. அதுல எல்லாம் யாரும் சாக மாட்டாங்கல்ல? நாள் குறிச்ச மனுஷனுக்கு ஏழு புத்தகம் கொண்டுவந்த, ஏழுலயும் சாவு. படிச்சவன்தானே நீ? புத்தகத்தோடயே குடும்பம் நடத்துறவன்தானே?

– தப்புதான் அண்ணி.

– தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இனிமே இந்த வீட்டுக்குப் புத்தகம் எதுவும் வேணாம். நீயும் கொஞ்ச நாளைக்கு வராத. கோவம்னு இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த லிஃப்ட் வாசல்தான் ஞாபகத்துக்கு வருது. எனக்கு அலுப்பா இருக்கு, தம்பி.

– சரி அண்ணி. பைய எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்.

– எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டியா நீ? வந்ததுலேருந்து வாங்கிக் கட்டிக்கிட்டே நிக்குற. ஏன்டா அந்தப் புத்தகங்கன்னு கேக்குறேன்ல?

– அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

– எதுக்குச் சத்தியம்?

– வேணாம் அண்ணி. திட்டணும்னா இன்னும் ரெண்டு திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

– உங்க அண்ணனே இல்ல இப்ப. யாருக்காக வாய மூடிக்கிட்டு நிக்குற? நான் இந்த வீட்டுல தனியா உக்காந்து தெனமும் இதையே நெனச்சு நெனச்சு... சொல்லு தம்பி.

– அண்ணனுக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– எல்லாம்தான். நாம லிஃப்ட் பக்கம் பேசிட்டு வர்றதுக்குள்ள நர்ஸக் கூப்பிட்டு, டாக்டர வரச் சொல்லி, நேரா கேட்டுட்டாரு.

– மொத நாள்லேருந்தேவா? அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல?

– உங்க மூஞ்சியப் பாத்தா ஆரம்பிக்க முடியலன்னாரு. அந்தப் புத்தகங்கள நான் பொறுக்கல அண்ணி. எல்லாம் டிப்போவுல உக்காந்து அவரு எப்பவோ படிச்சு முடிச்சது, ஒண்ணொண்ணா பேரு சொல்லி எடுத்துட்டு வரச் சொன்னாரு. "அவ வாயால ஒரே ஒரு சாவ வாசிச்சுட்டான்னா போதும்டா, அதப் புடிச்சுக்கிட்டு நான் பேச ஆரம்பிச்சுடுவேன்"ன்னாரு.