கன்னத்துக்குள் வெளிச்சம்

— கடிக்காதீங்க மாப்ளே! டார்ச் ஆஸ்பத்திரிச் சொத்து. உதட்டை மட்டும் மூடுங்க.

— ம்ம்... ம்ம்!

— பேசவும் கூடாது. பாட்டரி இப்போ தங்கம் மாதிரி, கேட்டீங்களா. சரி, போதும். எடுத்துடுறேன்.

— தூ! இந்தக் கறுப்புத் துணிக்குள்ள மூச்சு முட்டுது லா, மச்சான்.

— இருட்டு வேணுமே. வெள்ளைக்காரன் காலத்துல குண்டுக்குப் பயந்து ஜன்னலுக்குன்னு நீங்க தைச்ச துணி. இப்பத்தான் உருப்படியா உதவுது.

— வெள்ளிக்கிழமை நான் ஜப்பான் டாக்டர் முன்னாடி நிக்கணும். சயாம் ரயில்பாதைக்கு ஆள் புடிக்கிற லிஸ்ட்டுல 'சேதுபதி, தையல்காரர்'னு கொட்டை எழுத்துல என் பேரு. புக்கிட் ரம்பாய் மருதமுத்து போயி அஞ்சு மாசம், ஒரு சேதி இல்லே. நீங்க என்னடான்னா எனக்கு மூக்குப் பாடம் நடத்துறீங்க.

— இந்தக் கருணாகரன் பதினோரு வருஷமா ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுப்போடுற டிரசர். காரணம் இல்லாம பாடம் நடத்துவேனா? அந்த டாக்டருக்கு மூக்குதான் படிப்பு. கை கால் எல்லாம் அப்புறம்தான், முதல்ல வாயில விளக்கு வைப்பான். கேளுங்க. மூக்குன்னா வெளியில தெரியிற இந்த முருங்கைக்காய் மட்டும் இல்லே. இது வெறும் வாசல். பின்னால எலும்புக்குள்ள காத்தடைச்ச அறைங்க இருக்கு. கன்னத்துல ஒரு ஜதை, நெத்தியில ஒரு ஜதை, கண்ணுக்கு நடுவுல தேன்கூடு மாதிரி ஒரு ஜதை, இன்னும் ஆழத்துல ஒரு ஜதை. சைனஸ்னு பேரு.

— நாலு ஜதை பாக்கெட்டா! காலுக்குப் போடுற சிலுவாருக்கே நான் மூணுதான் லா வைக்கிறேன்.

— அதுல கன்னத்து அறைக்கு வாசல் எங்கே தெரியுமா? மேலே, கூரையோரமா.

— அப்படித் தைச்சவன் என் கடையில இருந்திருந்தா அன்னிக்கே விரட்டியிருப்பேன்.

— அதனாலதான் சளி சேர்ந்தா இறங்காது, சீழ் புடிச்சிடும். வாயில விளக்கு வச்சா நல்ல கன்னம் சிவப்பா ஒளிரும். சீழ் இருந்தா இருட்டு. ரெண்டு பக்கமும் இருட்டுன்னா அந்த ஆளு சயாமுக்கு வேணாம்னு எழுதிடுவான்.

— எனக்கு எப்படி?

— கும்மிருட்டு. ரெண்டு பக்கமும்!

— ஐயோ, சீழா?

— அதான் எனக்கும் புரியலே. மூக்குக்குள்ள ஒரு சொட்டுச் சளி இல்லையே. வாயைத் திறங்க. இன்னும்... மேல் பல்லு ஏன் இவ்ளோ அழகா, வரிசையா... மாப்ளே, இது ஆடுது!

— மெதுவா! உங்க தங்கச்சி அடுப்படியில இருக்கா.

— பொய்ப்பல்லா? அப்போ பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஈன்னு சிரிச்சதெல்லாம்?

— கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி, காஜா பெராங் ரோட்டுல சைக்கிளோட சாக்கடையில விழுந்தேன். மேல் பல்லு மொத்தமும் போச்சு. சீனன் பல்லுக்கடையில ஓடிப்போய்க் கட்டிக்கிட்டேன். ஆறு வருஷமா தூங்கும்போதும் கழட்டுறதில்லே. சிவகாமசுந்தரிக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும் லா.

— மானத்தை அப்புறம் பார்ப்போம். கழட்டுங்க. இப்போ விளக்கு... அடேயப்பா! கன்னம் ரெண்டும் தக்காளி!

— ம்ம்?

— பல்லு பதிச்ச ரப்பர்த் தட்டுதான் வெளிச்சத்தை மறைச்சிருக்கு. மாப்ளே, உங்க வியாதி உங்க கையிலேயே இருக்கு! டாக்டர் பொய்ப்பல்லு உண்டான்னு கேட்பான். பல்லைக் கழட்டாம, இல்லைன்னு தலையை ஆட்டுங்க. அவ்வளவுதான்.

— அண்ணே, பட்டப்பகல்ல ரெண்டு பேரும் துணிக்குள்ள என்ன பண்றீங்க?

— அளவு எடுக்கிறோம், சிவகாமி!

— அவரு பேசட்டுமே.

— ம்ம்! ம்ம்!

— வாயில ஊசியைக் கடிச்சிக்கிட்டிருக்காரும்மா. நீ போய்க் கிழங்கைப் பாரு, கருகுது.

\* \* \*

— வெளியே வந்துட்டீங்களா! டாக்டர் என்னையும் வெளியே அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டான். வெள்ளிக்கிழமைதோறும் இங்கேதான் நிக்கிறேன், ஒருத்தரையும் அரை மணி நேரம் உள்ளே வச்சதில்லே. என் உயிர் என்கிட்ட இல்லே, மாப்ளே. பல்லு இருக்கான்னு கேட்டானா?

— மலாய்ல கேட்டான். தலையை ஆட்டினேன். விளக்கை வச்சான். எதிர்க்கண்ணாடியில நானே பார்த்தேன், கும்மிருட்டு.

— அப்புறம் என்ன, ஜெயிச்சாச்சு!

— எங்கே ஜெயிச்சோம்? விளக்கை எடுக்கும்போது தட்டும் கூடவே வந்திடுச்சு லா.

— ஐயோ!

— என் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். மறுபடியும் விளக்கு. கன்னம் ரெண்டும் பளபளன்னு சிவப்பு.

— டிரசர்தான் சொல்லிக்கொடுத்தான்னு சொல்லிட்டீங்களா?

— பல்லில்லாத வாயால என்னத்தச் சொல்றது!

— அப்போ சயாம்தானா? தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நல்லா இருந்த மனுஷனை நானே கெடுத்துட்டேனே. என்னை மன்னிச்சிடுங்க, மாப்ளே.

— முதல்ல இந்தக் காகிதத்தைப் படிங்க. அவன் எழுதிக் குடுத்தது.

— 'ரெண்டு கன்னத்திலும் சீழ். வேலைக்கு லாயக்கில்லை.' முத்திரை வேற குத்தியிருக்கு! மாப்ளே, கன்னம் சிவந்ததைப் பார்த்தப்புறமா இப்படி எழுதினான்?

— பார்த்தப்புறம்தான். என் பல்லைக் கழுவி அவனே மாட்டிவிட்டான். கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் தன்னோட மேல் பல்லு வரிசை மொத்தத்தையும் கழட்டி மேசை மேல வச்சிட்டு, 'பர்மா சண்டைக்குக் கூப்பிட்டப்ப நானும் இதைக் கழட்டலே'ன்னான்.