மூன்றாம் பாகம், விலை ஒரு பவுண்டு

புத்தகத்தில் விலை குறிக்க மென்மையான பென்சில்தான் சரி. பேனா தாளைக் கெடுத்துவிடும், ஒட்டுச்சீட்டு பிரிக்கும்போது கிழித்துவிடும். முதல் தாளின் வலது மேல் மூலையில் விலை, அதற்குக் கீழே எந்த மாத விற்பனை என்பது. எங்கள் தேவாலயக் கூடத்துப் பழைய புத்தக விற்பனையில் ராணுவ வரலாற்று மேஜையைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் எழுத்தை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த வாக்குமூலத்தில் அதை நான் மறுக்கப்போவதில்லை, சார்ஜெண்ட்.

வெளியே நிற்பவர்களுக்கு அது மலிவு விற்பனை. ஒன்பது மணிக்குத் திறக்கும் கதவுக்கு ஏழு மணியிலிருந்தே தோள்பையோடு வரிசை கட்டுவார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்கள்கூட டாங்கிப் படைப் புத்தகம் ஒன்றுக்காக முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். மேஜை பார்க்கும் எங்களுக்கு ஒரு விதி உண்டு: கடைசி ஒரு மணி நேரம் வரை நாங்கள் எதையும் வாங்கக் கூடாது. அந்த விதியை நான் ஒரு முறைகூட மீறியதில்லை. எனக்கு வேண்டிய புத்தகங்களைப் பின்னல் வேலைப் புத்தகப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பேன், அவ்வளவுதான். அது ஒளித்துவைப்பது ஆகாது. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்த்திருக்கலாம். நாற்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசில் கட்டைவிரல் வைத்த கசாப்புக்காரர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் மாவட்டப் படைப்பிரிவின் வரலாறு ஐந்து பாகம். நான்கு என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது, பர்மா போர் பற்றியது, அச்சான வருடமே கிடங்கில் தண்ணீர் புகுந்து பெரும்பாலும் அழிந்துபோனது. முப்பத்தொரு வருடம் தேடினேன். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஆல்பன் ட்ரூவின் அலமாரியில், பின்னட்டைப் பையில் வரைபடங்களோடு.

ஆறு வருடம் வியாழன்தோறும் அவர் வீட்டுக்குத் தேநீருக்குப் போனேன். என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றேன். அவர் சிரிப்பார்.

"நான் கண்ணை மூடினதும் எல்லாம் உன் மேஜைக்குத்தானேய்யா வரப்போவுது? அதுக்குள்ள ஏன் பறக்குறே?"

அதை நான் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். பொறுமையாகக் காத்திருந்தேன். அவர்தான் தன் பங்கைச் செய்யவில்லை. எண்பத்தெட்டு வயதிலும் குத்துக்கல் மாதிரி இருந்தார். மார்ச் கடைசியில் ஒரு நாள், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் படைப்பிரிவு மியூசியத்துக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன் கிளெமெண்ட். அடுத்த வெள்ளிக்கிழமை வேன் அனுப்புறாங்க. நீ ஏன்யா மூஞ்சியைத் தொங்கப்போடுறே? அங்க வந்து கண்ணாடிக்கு வெளிய நின்னு பாரு. டிக்கெட்டுகூட நானே எடுத்துத் தரேன்."

சொன்ன சொல்லை மாற்றுகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

மறு வியாழன் வழக்கம்போல் இரண்டு மணிக்குப் போனேன். பக்கவாட்டுக் கதவை அவர் பூட்டுவதே இல்லை. சமையலறையில், அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே விழுந்து கிடந்தார். நினைவு இருந்தது.

"நல்ல வேளை வந்தே. இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுய்யா."

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். அவருடைய மேல்கோட்டை எடுத்துப் போர்த்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசி படிப்பறை வாசலில் இருக்கிறது. அதுவரை போனேன். அலமாரி திறந்தே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சட்டைப் பையில் பென்சில் இருந்தது.

அவர் இரண்டு முறை கூப்பிட்டார். "வர்றாங்களாய்யா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க" என்றேன்.

மூன்றரைக்குத் தேநீர் போட்டேன். கெட்டில் அவருக்கு அந்தப் பக்கம் அடுப்பில் இருந்ததால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அவர் தண்ணீர் கேட்டார். விழுந்தவர்களுக்கு வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் படித்திருக்கிறேன், அதனால் தரவில்லை. நாலரைக்குப் பிறகு அவர் பேசவில்லை. ஐந்து மணிக்குத் தொலைபேசியை எடுத்தேன். அப்போதுதான் வந்ததாகச் சொன்னேன்.

அவர் மகள் ஹிலரி அன்று மாலையே பிரிஸ்டலிலிருந்து வந்தாள். புத்தகங்களை எங்கள் விற்பனையில் விற்றுத் தேவாலயக் கூரையைப் பழுதுபார்க்கும் நிதிக்குத் தரவேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை என்று அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் வேன் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் மூன்றாம் பாகத்தை மட்டும் அவர் இறந்த அன்றைக்கே அவள் தன் பையில் வைத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது. பெட்டிகள் கூடத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் இரண்டு முறை கொட்டிப் பார்த்தேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

விற்பனையன்று பத்து மணிக்கு அவள் என் மேஜைக்கு வந்தாள். கூட்டம் நெரிந்தது. மூன்றாம் பாகத்தைப் பிரித்து வைத்து, அதன் மேல் ஒரு பவுண்டு நாணயத்தையும் வைத்தாள்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம்."

"இந்தப் புத்தகம் இங்க வரவே இல்ல. அப்பா செத்த அன்னிக்கே நான் எடுத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் எப்படி இதுல ஏப்ரல் விற்பனைன்னு இருக்கு? எப்ப எழுதினீங்க?"

போன வருடம் என்று சொல்லியிருக்கலாம். எப்போதோ விளையாட்டாகக் குறித்தேன் என்றிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் விலை குறித்த நாளைப் பற்றிப் பொய் சொல்வது என் சுபாவத்தில் இல்லை.

"அந்த வியாழக்கிழமை. மூணு மணி இருக்கும்" என்றேன்.

பக்கத்து மேஜையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த போதகர் நிமிர்ந்து பார்த்தார். ஹிலரி இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பர்மாவில் இறந்தவர்களின் பட்டியல். ஒரு பெயருக்கு அடியில் மையால் கோடு.

"இது எங்க தாத்தா. எங்கப்பாவுக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல. அவருக்கு இருந்தது இந்த ஒரு வரிதான். இதுக்கா ஒரு பவுண்டு?"

அந்தக் கோட்டை நான் அன்றே கவனித்திருந்தேன். இரண்டு பவுண்டு போட நினைத்து, கோடு இருந்ததால்தான் பாதியாகக் குறைத்தேன். அதை அவளிடம் விளக்கினேன். அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நான்தான் அவரைச் சாகவிட்டேன். மூன்று மணி நேரம், பத்தடி தூரத்தில், தொலைபேசி கைக்கெட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள். ஆனால் நான் எதையும் திருடவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒரு தாளைக்கூட நான் எடுத்துக்கொண்டு போனதில்லை.

சாட்சியப் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே அந்தப் புத்தகம், வழக்கு முடிந்ததும் அதை என்ன செய்வீர்கள்? விற்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். குறித்த விலையில் ஒரு பென்னிகூடக் குறைத்துக் கேட்க மாட்டேன்.